மசக்கைக் கறுப்பு

டர்ரென்று கிளம்பிப் பாதியில் நின்றுபோன சத்தம் அது. ஜவுளிக்கடையில் சுருட்டி வைத்த தானிலிருந்து துணி கிழிக்கும்போது கத்தரிக்கோல் ஓரத்தை ஒரு கடி கடிக்கும், பிறகு கடைக்காரரின் இரண்டு கைகளும் விலகும், ஓட்டுக்கூரை மேல் மழை ஓடுவதுபோல ஒரே மூச்சில் ஓடி முடியும். அன்றைக்கு முடியவில்லை. எனக்குப் பதினாறு வயது. பெரிய கடைவீதியில் ஒரு கடை. தாவணிக்கு வாயில் என்கிற மெல்லிய துணி, கறுப்பு, பூ இல்லை, புள்ளி இல்லை, சுத்தக் கறுப்பு. நானே விரல் நீட்டிக் கேட்டு, அவரும் கிழிக்க ஆரம்பித்துவிட்டார். செருப்பை வெளியே விட்டுவிட்டு அம்மா அப்போதுதான் உள்ளே வந்தாள். "நிறுத்துங்கோ, நிறுத்துங்கோ. கறுப்புக்குக் கறுப்பா? ராத்திரியிலே இவளை லாந்தர் எடுத்துண்டுதான் தேடணும்." கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும்தான், நான்கூடச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கை நின்றது, சத்தம் நின்றது. மாம்பழ நிறத் தாவணியோடு வீடு திரும்பினோம். அந்தப் பாதி கிழிந்த துணியை யார் வாங்கிக்கொண்டு போனார்களோ. இப்போது எனக்கு அறுபத்தெட்டு. வீட்டில் இருக்கும் கறுப்பையெல்லாம் கட்டில்மேல் எடுத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறேன், காதுக்குள் அந்தச் சத்தம் பாதிவரை வந்து வந்து நிற்கிறது. சாப்பாடு ஆகிவிட்டது, கணவர் அடுத்த அறையில் தூங்குகிறார், ஆட்டோ நாலரைக்கு வரும், அதற்குள் நான் பேயாக வேண்டும். பேயில்லைடி, கோத்திக், என்று திருத்துவாள் ஃபிலோ.

இது ஃபிலோவின் ஏற்பாடு. கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மூன்று பேர் நாங்கள், ஃபிலோமினா, ஜுலேகா, நான். மூன்று பேருமே திருச்சியை விட்டு நகரவில்லை. ஃபிலோவுக்கு மார்பில் கட்டி. கீமோ நாற்காலியில் கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது போனில் ஏதோ ஒரு பெண்ணின் வீடியோவைப் பார்த்திருக்கிறாள். முகம் வெளுத்து, கண்ணைச் சுற்றிக் கருவளையம், தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடை. கோத்திக் அலங்காரம், புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு. அங்கிருந்தே எனக்குப் போன். "அடியே நீலா, இந்தப் புள்ள பவுடர் வாங்கி, மை வாங்கி, கண்ணாடி முன்னாடி மணிக்கணக்கா உக்காந்து என்னை மாதிரி ஆகுதுடி! எனக்கு இன்சூரன்ஸ்லயே பண்ணிக் குடுத்துட்டாங்க." பின்னால் ஒரு நர்ஸ் சிரிப்பது கேட்டது. "சனிக்கிழமை என் பொறந்தநாள். மூணு பேரும் கோத்திக். நான் மட்டும் பொணம் மாதிரி உக்காந்திருக்க, நீங்க ரெண்டு பேரும் பட்டுப்புடவையில வந்து சாத்துக்குடி குடுத்து, ஐயோ பாவம்னு பாத்துட்டுப் போறதா? நடக்காது." ஜுலேகாவுக்குச் சொன்னால் அவள் அதற்கும் மேலே. "நான் முப்பது வருஷமா அதைத்தான் போட்டுட்டு இருக்கேன். நீங்க இப்பத்தான் ஒண்ணாங்கிளாஸ். சந்தேகம் வந்தா சீனியரைக் கேளுங்க" என்று கொடியில் தொங்கும் தன் புர்காவைப் படம் பிடித்து அனுப்பினாள். எனக்கும் கோத்திக் தெரியாதா என்ன, முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவள். தெப்பக்குளத்துப் பக்கம் போகும்போதெல்லாம் லூர்து மாதா கோவிலைக் காட்டிப் பிள்ளைகளிடம் சொல்வேன், பார், ஒவ்வொரு வளைவும் உச்சியில் கூராக முடிகிறது, இரண்டு கைகள் விரல் நுனியில் தொட்டுக்கொள்கிற மாதிரி. கல்லுக்குத்தான் அந்தப் பெயர் என்று இருந்தேன். உடம்பில் போட்டுக்கொள்ளலாம் என்று யார் நினைத்தார்கள். திங்கட்கிழமை ஃபிலோவுக்கு ஸ்கேன். கரைந்திருக்கிறதா, பரவியிருக்கிறதா, அன்றைக்குத் தெரியும். அதைப் பற்றி மட்டும் மூன்று பேரும் பேசவில்லை. லேஸ் எங்கே கிடைக்கும், கறுப்பு உதட்டுச்சாயம் எங்கே கிடைக்கும் என்று வாரம் முழுக்கப் பேசினோம்.

இந்த நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது. ஓடிப்போகப் போகிறவள் பெட்டி கட்டுவதுபோல. சிநேகிதி படுத்த படுக்கையாக இருக்கிறாள், இவள் கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடக்கிறாள், பாட்டு வேறு வாயில் வருகிறது, வெட்கமாக இல்லையா என்று கேட்டுக்கொள்கிறேன், இல்லை. அந்த வீடியோப் பெண் சொன்னதை நான் நான்கு தடவை கேட்டுவிட்டேன். எடுத்த எடுப்பில் கடைக்கு ஓடாதீங்க, வீட்டில் இருக்கிற கறுப்பையெல்லாம் கட்டிலில் எடுத்துப் போடுங்க, எதைத் தொட்டா உங்களுக்கு உள்ளே என்னமோ பண்ணுதோ அதிலேர்ந்து ஆரம்பிங்க. போட்டேன். கறுப்பு என்று ஒரு நிறம் இல்லவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. உள்பாவாடைக் கறுப்பு துவைத்துத் துவைத்து காக்கை இறகின் அடிப்பக்கம் போல ஆகியிருக்கிறது. ரவிக்கைக் கறுப்பில் பச்சை ஓடுகிறது. குடைத்துணியின் கறுப்பு மழையிலும் வெயிலிலும் நின்று நின்று கோபமெல்லாம் போன கறுப்பு. ஒன்றோடு ஒன்று சேரவில்லை, சேர வேண்டாம் என்கிறாள் அந்தப் பெண், வழுவழுப்புக்குப் பக்கத்தில் சொரசொரப்பு, கனத்துக்குப் பக்கத்தில் வலை, அதுதான் அழகாம். வெல்வெட்டுக்கு எங்கே போவேன் என்று யோசித்துக்கொண்டே ஃபேன்ஸி ஸ்டோரில் நின்றபோது அட்டையில் ஸ்டிக்கர் பொட்டு, கறுப்பு வெல்வெட், வட்டம் வட்டமாக. இரண்டு அட்டை வாங்கி, கறுப்பு ரிப்பனில் வரிசையாக ஒட்டினேன், கழுத்தில் கட்டினால் அட்டிகை, சத்தியமாக அட்டிகை. தாலிக்கொடி அதற்குக் கீழே ரவிக்கைக்குள் கிடக்கிறது, அது பாட்டுக்கு இருக்கட்டும். தங்கம் ஆகாதாம், வெள்ளிதான் வேண்டுமாம். கல்யாணத்துக்குக் கொடுத்த வெள்ளிச் சாவிக்கொத்து பீரோவின் மூலையில் கறுத்துப்போய்க் கிடந்தது, துலக்கவே கூடாது, அந்தக் கறுப்புக்குத்தான் மதிப்பு. இடுப்பில் செருகினேன், நடந்தால் கிணுகிணுக்கிறது. பூட்ஸ் விஷயம்தான் பெரிய வெற்றி. அவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் இருந்தபோது போட்ட ஷூ, முனையில் இரும்பு வைத்தது, வராந்தா அலமாரியின் அடித்தட்டில் பல்லி முட்டையோடு இருந்தது. செய்தித்தாளைச் சுருட்டி முன்னால் அடைத்தால் என் காலுக்கு நிற்கிறது. லேஸில்தான் சறுக்கிவிட்டேன். டிவிக்குப் போர்த்தியிருந்த பின்னல் வேலைத் துணி இருந்தது, வெள்ளை. சாயம் வாங்க மறந்துபோய், குளியலறையில் இருந்த அவருடைய தலைமுடி டையைக் கரைத்து முக்கிவிட்டேன். தலைமுடிக்குப் பிடிக்கும், நூலுக்குப் பிடிக்காது என்று எந்தக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் வந்திருக்கிறது, என் பத்து விரலும் அதே நிறத்தில். பரவாயில்லை. பரவாயில்லை என்று சொல்லும்போதே சிரிப்பு வருகிறது. நாளைக்கு அவர் உறவில் ஒரு சதாபிஷேகத்துக்குப் போக வேண்டும், நரைத்த தலையோடு போவார்.

அந்தக் குடைக்காகத்தான் பரணைத் தேடினேன், வேறு எதையும் தேடவில்லை. ஸ்டூல் போட்டு ஏறினேன், இந்த வயதில் ஏறக்கூடாது, இடுப்பு எலும்பு என்றால் அவ்வளவுதான் என்று மகன் ஹைதராபாத்திலிருந்து வாரம் ஒரு தடவை சொல்கிறான், ஏறினேன். பரணில் பித்தளை அண்டாவுக்குப் பின்னால் வேட்டித் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். கையில் எடுத்ததுமே கனம் சொல்லிவிட்டது. பட்டுக்கு ஒரு கனம் உண்டு, தூங்குகிற குழந்தையைத் தூக்கினால் இருக்குமே, அது. நாப்தலீன் உருண்டை வாசனை, அதற்கு அடியில் வேறு ஏதோ, இரும்பும் எண்ணெயும் போல, புடவையில் ஏன் அந்த வாசனை என்று புரியவில்லை. பிரித்தால் கறுப்பு, அரக்குக் கரை. மசக்கைக் கறுப்பு. பிள்ளைத்தாய்ச்சிக்கு வளைகாப்பில் கட்டிவிடும் கறுப்புப் புடவை. வாழ்நாள் முழுவதும் கறுப்பை நம் வீட்டு வாசல்படி மிதிக்க விடமாட்டார்கள், நல்ல நாளில் கறுப்பு நூல்கூட உடம்பில் தெரியக்கூடாது, ஆனால் வயிற்றில் குழந்தை இருக்கும்போது அவர்களே வாங்கிக் கட்டிவிடுவார்கள், கண் படாமல் இருக்க. கறுப்புக்குக் கறுப்பா என்று கேட்ட அதே அம்மா, காஞ்சிபுரத்திலிருந்து சொல்லி வரவழைத்து, நீவி நீவிக் கொசுவம் வைத்தாள். நீலாயதாட்சி என்று பெயர் வைத்ததே நாகப்பட்டினத்து அம்மன் கறுப்பு என்பதால்தான், அந்தப் பெயருக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் வந்தது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல், வயிறு, கறுப்பு. நான் அழகாக இருந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்புறம் குழந்தை பிறந்தது, பெண், கண்ணைத் திறக்கவில்லை. புடவை கண்ணைத் தடுக்கும் என்றார்கள், தடுக்கவில்லை. மாமியார் கூடத்தில் உட்கார்ந்து யாரிடமோ சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது. "அவளே அமாவாசை. அவளுக்குப் போய் அந்தப் புடவையைக் கட்டினா என்ன ஆகும்." புடவையைக் காவேரியில் விட்டாகிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். நான் கேட்கவில்லை. அடுத்த பிள்ளை வயிற்றில் இருந்தபோது வளைகாப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவன் கத்திக்கொண்டு பிறந்தான், இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறான். அதற்குப் பிறகு கறுப்புத் துணியை நான் தொட்டதில்லை. உள்பாவாடை, ரவிக்கை, குடை, வெளியில் தெரியாதது, தலைக்கு மேல் பிடிப்பது, அவ்வளவுதான். காவேரியில் போன புடவை அண்டாவுக்குப் பின்னால் எப்படி வந்தது. ஸ்டூலில் நின்றுகொண்டு எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ. பயம் வரவில்லை முதலில். அந்தப் பெண் சொன்னாளே, தொட்டால் உள்ளே என்னமோ பண்ணுதோ என்று. பண்ணியது.

பயம் இப்போது வருகிறது. மெல்ல, கணுக்காலிலிருந்து. புடவையை உதறினேன், நடு மடிப்பு நெடுக இற்றுப்போயிருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் மடிப்பில் சல்லடைபோல ஒளி வருகிறது, உடுத்தினால் அந்த இடத்தில் பிளந்துவிடும். உடுத்தாதே என்று அதுவே சொல்கிறதா. ஒருமுறைதான் வெளியில் தெரியக் கறுப்பு கட்டினேன், ஒரு உயிர் போனது. இன்றைக்கு இரண்டாவது முறை, உயிருக்குப் போராடுகிறவள் வீட்டுக்கு, திங்கட்கிழமை ஸ்கேன் இருக்கிறவள் வீட்டுக்கு. சீ, என்ன நினைப்பு. அடுத்தடுத்து நடப்பதெல்லாம் காரணமும் காரியமும் ஆகிவிடாது என்று போர்களைப் பற்றி எத்தனை வகுப்பில் சொன்னவள் நான், ராஜா கறுப்புக் குதிரையில் போனான், தோற்றான், குதிரையா காரணம், யோசித்து எழுதுங்கள் என்று பரீட்சையில் கேட்டவள். பிள்ளைகள் சரியாக எழுதினார்கள். நான் எழுதியிருந்தால் ஃபெயில். சரி, கையை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் யோசனை உட்கார்ந்துவிடும், முகத்தைப் பார்ப்போம். முகத்தை வெளுப்பாக்க வேண்டும் என்கிறாள் அந்தப் பெண். முகப்பவுடரை அப்பினேன், இன்னும் அப்பினேன். கண்ணாடியில் ஒரு பழைய சுவர், சுண்ணாம்பு அடித்துப் பாதியில் காசு தீர்ந்துபோன சுவர். கழுத்து ஒரு ஊர், முகம் ஒரு ஊர். பதினாறு வயதில் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன், கடலைமாவு, பயத்தமாவு, பாலாடை, எலுமிச்சம்பழம், வெளுக்கவே வெளுக்காத ஒன்றை வெளுத்து வெளுத்து. இன்றைக்கும் அதையே செய்யவா கறுப்பை இவ்வளவு தேடி எடுத்தேன். குழாயடியில் முகத்தைக் கொடுத்துக் கழுவினேன், சில்லென்று தண்ணீர், பவுடர் பால்போல ஓடிப்போனது, நிமிர்ந்தால் என் முகம், ஈரமாக, மினுமினுவென்று, கறுப்பாக. கண்ணுக்கு மட்டும் மை. மேலும் கீழும் தடித்து, ஓரத்தில் மீன்வால்போல இழுத்து. கறுப்பு உதட்டுச்சாயம் எங்கும் கிடைக்கவில்லை, அதே மையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து உதட்டில் தடவினேன். கசக்கிறது, கற்பூரம்போலக் குளிர்கிறது. நாக்கால் தொடாமல் இருக்க முடியவில்லை. தலைமுடியை விரித்துப்போடலாமா, கொஞ்சம்தான் இருக்கிறது, சீவினால் போதும். சீப்பை எடுத்ததும் ஃபிலோ வந்துவிட்டாள், அன்றைய ஃபிலோ, சிவப்புப் பூப்போட்ட நைலக்ஸ் புடவையில், பிரசவ ஆஸ்பத்திரி வார்டில். வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது சொன்னார்கள், பகவான் சித்தம் என்றார்கள், சின்ன வயசுதானே என்றார்கள். அவள் மட்டும் பையிலிருந்து சீப்பை எடுத்து, சிக்குப் பிடித்துச் சடையாகிக் கிடந்த என் தலையை நுனியிலிருந்து ஒவ்வொரு சிக்காக எடுத்தாள். மத்தியானம் முழுக்க. வலிக்குதா என்று ஒரே ஒருமுறை கேட்டாள், தலையைத்தான் கேட்டாள். இன்றைக்கு அவளுக்குச் சீவுவதற்குத் தலையில் ஒரு முடி இல்லை. நான் என்ன செய்யப்போகிறேன் அவளுக்கு. பழம் வேண்டாம் என்கிறாள். பாவம் பார்க்காதே என்கிறாள். கறுப்பு கட்டிக்கொண்டு வா என்கிறாள். அதையும் கொண்டுபோய்க் கொடுக்கப் பயந்தால் அப்புறம் நான் எதற்கு.

அவர் எழுந்துவிட்டார், செருப்பைத் தேய்த்துத் தேய்த்து வரும் சத்தம், வாசற்படியில் நின்றது. "என்னடீ இது, கிரகணம் பிடிச்ச மாதிரி?" என்றார். "எந்தப் பக்கம் விட்டிருக்குன்னு பாருங்கோ" என்றேன், சிரிக்கத்தான் நினைத்தேன், உதட்டு மை காய்ந்து இழுத்தது. அவர் கண் ஷூவுக்குப் போனது, கத்தரிக்காய் லேஸுக்குப் போனது. "என் டை பாக்கெட்டைக் காணுமே." "டிவி கவருக்கு அடிச்சுட்டேன்." "ஏன், டிவிக்கு நரைச்சுடுத்தா?" என்றார், நல்ல மனுஷர், நாற்பத்தைந்து வருடமாக இப்படி ஏதாவது சொல்லித்தான் பிழைக்கிறோம். காப்பி கலந்து கொடுத்தேன், நானும் ஒரு வாய் குடித்தேன், டம்ளர் விளிம்பில் கரிக்கோடு விழுந்தது. ஃபிலோ வீட்டுக்குப் போவது அவருக்குத் தெரியும், எப்படிப் போகிறேன் என்று சொல்லவில்லை, இப்போது சொன்னேன். டம்ளரை ஆற்றிக்கொண்டே இருந்தார். "உடம்பு முடியாதவா ஆத்துக்குப் போறச்சே கறுப்பு வேணுமா, நீலா?" இதைத்தான் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று மத்தியானம் முழுக்கப் பயந்தேன், கேட்டாகிவிட்டது, கேட்ட குரலில் குற்றமில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். "அவதான் கேட்டா" என்றேன். "கேட்பா. அவளுக்கென்ன, தைரியசாலி." அப்புறம்தான் கட்டிலைப் பார்த்தார். அங்கே விரித்துக் கிடந்ததைப் பார்த்ததும் ஆற்றிய கை நின்றது. "அது எங்கேர்ந்து வந்தது?" "பரண்லேர்ந்து. காவேரில விட்டாச்சுன்னு உங்கம்மா சொன்னா." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினார். "விடத்தான் சொன்னா. பையில போட்டுக் குடுத்தா. அம்மாமண்டபம் வரைக்கும் சைக்கிள்ல எடுத்துண்டு போனேன். படித்துறையில கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். காவேரில தண்ணியும் இல்லே அப்போ. அப்படியே ட்யூட்டிக்குப் போயிட்டேன். பட்டறையில என் டூல் பெட்டிக்குள்ள வெச்சேன். ரொம்ப வருஷம் அங்கேதான் இருந்துது. அம்மா போனப்பறம் நம்மாத்துக்குக் கொண்டு வந்தேன்." இரும்பும் எண்ணெயும். அதுதானா. "ஏன்?" என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார், பல்லை நாக்கால் துழாவினார், ஏதோ கணக்கு மறந்துபோனவர் மாதிரி. "உனக்கு நன்னா இருந்துது" என்றார். "அதைப் போய் ஆத்துல விடுவாளா." இந்த மனுஷர். நாற்பத்தைந்து வருடம். பச்சை வாங்கினார், நீலம் வாங்கினார், அரக்கு, மயில்கழுத்து, தீபாவளிக்குத் தீபாவளி, எல்லாவற்றுக்கும் நன்னா இருக்கு, நன்னா இருக்கு. "சொல்லியிருக்கலாமே." "எப்பச் சொல்றது? அதைப் பேசினா அதையும் பேசணுமே." அதை என்றால் எதை என்று இருவருக்கும் தெரியும். கண் மை ஓடுகிறது. ஓடட்டும், கன்னத்தில் ஓடினால் இன்னும் கோத்திக் என்று அந்தப் பெண்ணே சொல்லியிருக்கிறாள்.

நின்றுபோன சத்தம் மறுபடி காதில், பாதிவரை. எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது, இவ்வளவு நேரம் தெரியாமல் இருந்ததுதான் ஆச்சரியம். நடு மடிப்பு இற்றுப்போயிருப்பது உடுத்தாதே என்று சொல்ல இல்லை, இங்கே பிரி என்று. புடவையில் பாதி எனக்கு, உள்பாவாடைக்கு மேல் சுற்றி முன்னால் முடிச்சுப்போட்டால் பாவாடை, அதற்கு மேல் லேஸ். மீதிப் பாதி ஃபிலோ தலைக்கு. கரை நெற்றிக்கு வருகிற மாதிரி சுற்றிப் பின்னால் நீளமாகத் தொங்கவிட்டால் ராணி மாதிரி இருப்பாள், அவள் கழுத்துக்கு அது எடுப்பாக இருக்கும். கண்ணேறு படாமல் இருக்கத்தானே வாங்கியது, அப்போது ஆகவில்லை, துணி என்ன செய்யும், துணிக்கு என்ன தெரியும். தெரியாத துணியை நம்பவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம், நன்றாக இருந்தது, அது போதும். "ஒரு நுனியைப் பிடிங்கோ" என்றேன். எழுந்து வந்தார், எழுபத்துமூன்று வயது, பட்டறையில் இரும்பு அளந்த கை, பிடித்தார். "கிழிக்கப் போறயா?" "பாதிதான். ஃபிலோவுக்கு." வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ, சொன்னால் கடைக்காரர் கை நின்ற மாதிரி என் கையும் நின்றுவிடும், எனக்குத் தெரியும். அவர் கரையை விரலில் நன்றாகச் சுற்றிக்கொண்டார், வழுக்காமல் இருக்க. "கரையைக் கத்தரிச்சுக்கோ முதல்ல. ஜரிகை கிழியாது" என்றார். கத்தரிக்கோலால் இரண்டு கரையிலும் ஒவ்வொரு கடி. பிறகு அவர் அந்தப் பக்கம் ஒரு அடி, நான் இந்தப் பக்கம் ஒரு அடி. வாயில் துணியின் சத்தம் இல்லை இது, பட்டு வேறு மாதிரி, மெல்லிசாக ஆரம்பித்து, புறாக்கூட்டம் ஒன்றாக எழும்புவதுபோலப் படபடத்து, அறை முழுக்க ஓடி, எதிர்க்கரை வரைக்கும் போய் முடிந்தது. முடிந்தது. பதினாறு வயதிலிருந்து நான் கேட்காத மீதி. இரண்டு பேரும் ஆளுக்கொரு பாதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம், தூசி வெயிலில் சுழன்றது, எண்ணெய் வாசனை, அவருக்குத் தும்மல் வந்தது.

கீழே ஹாரன் அடிக்கிறது. பாவாடை சுற்றியாகிவிட்டது, அட்டிகை கட்டியாகிவிட்டது, ஃபிலோவின் பாதியை மடித்து மஞ்சப்பையில் வைத்தேன். ஷூவை எடுத்தால் வாங்கிக்கொண்டுபோய்விட்டார், பாலிஷ் டப்பாவைத் தேடி எடுத்துப் பழைய பனியனால் தேய்க்கிறார். "முனை பளபளக்கணும். இல்லேன்னா பிச்சைக்காரன் ஷூ மாதிரி இருக்கும். கோத்திக்னா ஒரு மரியாதை வேண்டாமா." இப்போதுதான் அந்தப் பெயரே அவர் காதில் விழுந்தது, அதற்குள் மரியாதை பற்றிப் பேசுகிறார். கயிற்றைக் குனிந்து கட்டிவிட்டார், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவர் தலையின் உச்சி தெரிந்தது, வேரில் வெள்ளை, நாளைக்குச் சதாபிஷேகம், மன்னித்துவிடுங்கள். படியில் ஒவ்வொரு அடிக்கும் டொக் டொக் என்று இரும்பு முனை, கிணுகிணுவென்று சாவிக்கொத்து, லிஃப்டில் ஏறவில்லை, எல்லா வீட்டுக்கும் கேட்கட்டும் என்று இறங்குகிறேன். இரண்டாம் மாடி அம்மாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள், மறுபடி திறந்தாள். ஆட்டோக்காரர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "என்னம்மா, நாடகமா?" "பர்த்டேப்பா." "ஓ" என்று மீட்டரை அழுத்தினார், "சூப்பரா இருக்கும்மா." போனில் ஃபிலோ. "கெளம்பிட்டியாடி? ஜுலேகா வந்தாச்சு, எனக்குப் புருவம் வரையறேன்னு ஒண்ணை மேலயும் ஒண்ணைக் கீழயும் வரைஞ்சு வெச்சிருக்கா. சீனியராம். நீ என்ன போட்டிருக்க, சொல்லுடி, சொல்லு." சொல்லமாட்டேன், வந்து பார். மடியில் பை, பையில் பட்டு. காவேரிப் பாலத்தில் காற்று வருகிறது, லேஸ் முகத்தில் அடிக்கிறது, உதட்டில் கற்பூரக் கசப்பு. ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டே கடக்கிறேன், கறுப்பில், பட்டப்பகலில், யாரும் லாந்தர் எடுக்காமலே என்னைப் பார்க்க முடிகிறது.

கீமோ முடிந்து, அடுத்த தையில் ஃபிலோவுக்கு முடி முளைத்தது, முழுக்க நரை, ஒரேயடியாகச் சுருட்டை. அந்தப் பாதிப் புடவையை அவள் இப்போது படுக்கையறை ஜன்னலுக்குத் திரையாகப் போட்டிருக்கிறாள்.